திகில் கதை எழுத மலையகத்தில் எங்கே தங்குவது? நுவரெலியா, ஹப்புத்தளை, மஸ்கெலியா, தோட்டத்து வீடு: ஓர் ஒப்பீடு

விடுமுறை நெருங்கினால் திகில் எழுதுவோர் பலர் கேட்பது இதுதான்: "இரண்டு மூன்று வாரம் கையில் இருக்கிறது. மலைநாட்டுக்குப் போய் உட்கார்ந்து எழுதலாம் என்று இருக்கிறேன். நுவரெலியா நல்லதா, ஹப்புத்தளை நல்லதா?" கேட்பவர்களில் சிலர் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருப்பவர்கள். சிலர் ரொறன்ரோ, லண்டன் பக்கமிருந்து ஜூலை, ஆகஸ்ட் விடுமுறைக்கு வருகிறவர்கள். தோட்டத்தில் பிறந்து வெளியே போய், ஊர்க் கதையை எழுதவென்று திரும்புகிறவர்களும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் ஒரே ஊரைச் சொல்லிவிட முடியாது. எந்த மாதம் போகிறீர்கள், கதை எந்த நிலையில் இருக்கிறது என்ற இரண்டும் தெரிந்தால் ஊர் தானாக முடிவாகிவிடும்.

## எதை வைத்து அளப்பது

மாதம். மலையகம் முழுவதற்கும் பொதுவான கோடை என்று ஒன்று கிடையாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதி மழையைக் கொட்டித் தீர்க்கிறது. ஹட்டனும் மஸ்கெலியாவும் வட்டவளையும் ஊறிக் கிடக்கும் அதே நாட்களில், முகட்டுக்கு அந்தப் பக்கம் ஊவாவில் வரண்ட காற்று வீசும். பட்டிப்பொலைக்கும் ஒஹியாவுக்கும் இடையிலுள்ள சுரங்கத்தில் கோச்சி (ரயில்) மழையோடு நுழைந்து வெயிலோடு வெளியே வருவது இதனால்தான். ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரையும், மேற்குச் சரிவின் திம்புள்ளைத் தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரையும் உயர்தரக் காலமாக இருப்பதும் இந்தக் காற்றால்தான். இதை மனதில் வைத்தால் போதும்: தேயிலைக்கு எப்போது உலர்ந்த காற்றோ அப்போது உங்கள் கடதாசியும் காய்ந்திருக்கும். மார்ச், ஏப்ரலில் கணக்கு வேறு. காலையில் வெயில் அடிக்கும், பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் இடியும் மின்னலும் வரும்.

கதையின் நிலை. கதைக்குச் சரக்குத் தேடுகிறவருக்கு மனிதர்கள் வேண்டும். முதல் வரைவு எழுதுகிறவருக்கு ஒரு மேசையும் சாத்தக்கூடிய ஒரு கதவும் வேண்டும். திருத்துகிறவருக்குத் தடையில்லாத மின்சாரமும் அச்சுப்பிரதி எடுக்க ஒரு கடையும் வேண்டும். மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது.

இரவு. இலங்கையில் ஆண்டு முழுவதும் ஆறு, ஆறரைக்குள் பொழுது சாய்ந்துவிடும். அதன்பின் அரை மணி நேரத்துக்குள் கும்மிருட்டு. விடியும்வரை ஏறத்தாழ பதினொரு மணி நேரம் என்ன கேட்கிறது, என்ன மணக்கிறது, யார் விழித்திருக்கிறார்கள்? திகில் எழுதுகிறவர் அறைக்குக் கொடுக்கும் காசு இந்தப் பதினொரு மணி நேரத்துக்குத்தான்.

கண்ணில் படாத செலவு. விறகு, ஆட்டோ, மழையில் முடங்கும் நாட்கள், உங்களை உபசரிக்க அடுத்தவர் இழக்கும் நாட்கூலி.

| இடம் | ஏற்ற மாதம் | எந்த நிலைக் கதைக்கு | இரவு | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| நுவரெலியா | ஏப்ரல் தவிர எந்த மாதமும்; ஜனவரி–மார்ச் சிறப்பு | திருத்தம் | குளிர், நகர வெளிச்சம் | விறகு, ஹீட்டர், ஏப்ரல் அறை வாடகை |
| ஹப்புத்தளை | ஜூன்–செப்டெம்பர் | முதல் வரைவு | காற்று, பனி, தொலைவில் தீ | ஆட்டோ, சீக்கிரம் மூடும் கடைகள் |
| மஸ்கெலியா | பெப்ரவரி–ஏப்ரல் | சரக்குத் தேடல் | நீர்த்தேக்கத்தின் அமைதி | மழையில் முடங்கும் நாட்கள் |
| தோட்டத்து வீடு | மழை குறைந்த எந்த மாதமும் | சரக்குத் தேடல், சரிபார்த்தல் | பேச்சு, ஸ்டோரின் (தேயிலை ஆலையின்) இரைச்சல் | வீட்டாரின் நேரமும் கூலியும் |

## நுவரெலியா

1,868 மீற்றர் உயரம். பேய்க் கதைக்கு வேண்டிய தோற்றம் எல்லாம் வெளிப்படையாகவே கிடக்கிறது: ஆங்கிலேயர் கட்டிய வீடுகள், 1852இன் ஹோலி ட்ரினிட்டி தேவாலயம், கிரகரி வாவியின் மேல் காலைப்பனி. அந்த வெளிப்படைதான் சிக்கலும். இங்கே வருகிற கதைகளில் பாதி, வெள்ளை உடுத்த துரைசானி படியிறங்கி வருவதோடு முடிந்துவிடுகிறது. வாசகர் அவளைப் பலமுறை பார்த்துவிட்டார்.

தேடினால் வேறு சரக்கும் உண்டு. மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்ற படை அதிகாரி 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். கல்லறை நுவரெலியா கோல்ஃப் திடலை ஒட்டிய பழைய மயானத்தில் இருக்கிறது. இறந்த பிறகும் அந்தக் கல்லை மின்னல் விடவில்லை என்பது ஊர்ப்பேச்சு. இதை துரையின் ஆவிக் கதையாக எழுதுவது எளிது. அந்தப் பிணத்தை மலையேற்றிச் சுமந்து வந்தவர்களின் பக்கமிருந்து எழுதிப் பாருங்கள், கதையின் எடையே மாறிவிடும்.

குளிர்தான் முதல் மறைசெலவு. கணப்புக்கு விறகு வாடகையில் சேர்ந்ததா, கட்டுக் கணக்கில் தனியா என்று அறை எடுக்கும்போதே கேளுங்கள். ஏப்ரலில் புத்தாண்டை ஒட்டிய வசந்தகாலக் கொண்டாட்டம், குதிரைப் பந்தயம், கார் பந்தயம் எல்லாம் சேர்ந்து வாடகையைப் பல மடங்காக்கிவிடும். இரவு முழுக்க ஒலிபெருக்கி. அந்த இரண்டு வாரம் எழுத்து வேலைக்கு இந்த ஊர் உதவாது. மற்ற மாதங்களில் வரைவு முடிந்து திருத்தப் போகிறவருக்கு இதுவே சிறந்தது. அச்சுக் கடை, மருந்துக் கடை, வங்கி எல்லாம் நடைதூரத்தில் இருக்கின்றன, மின்வெட்டு வந்தால் ஜெனரேட்டர் உள்ள விடுதிகளும் உண்டு.

## ஹப்புத்தளை

ஜூலை, ஆகஸ்டில் வருகிறவர் முதல் வரைவு எழுத வேண்டுமானால் இங்கேதான் வரவேண்டும். ஊர் ஒரு ஒடுங்கிய முகட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. தெற்கே நிலம் சரேலென்று கீழே இறங்கிச் சமவெளிக்குப் போகிறது, வடக்கே ஊவாப் பள்ளத்தாக்கு. வெயிலேற ஏற, கீழிருந்து பனி மலையிடுக்கு வழியாக மேலேறிக் கடைத்தெருவுக்குள் நுழையும். ஐந்து நிமிடத்துக்கு முன் பார்த்த தண்டவாளம் காணாமல் போய்விடும். கதையில் பனி எப்போதும் "சூழ்ந்தது" என்றே வருகிறது. இங்கே இரண்டு பிற்பகல் உட்கார்ந்து பார்த்தவர் அப்படி எழுத மாட்டார். பனி கீழிருந்து மேலே வருகிறது, கண்ணை மறைப்பதற்கு முன்பே சத்தத்தை மூடுகிறது, போகும்போது துணிகளை ஈரமாக விட்டுப் போகிறது.

வரட்சி மாதங்களில் இன்னொரு காட்சி உண்டு. எதிர்மலையின் மானாப்புல்லுக்கு யாரோ தீ வைத்துவிடுவார்கள். இரவில் தீ ஒரு கோடாகச் சரிவில் ஏறிப்போவதும், காற்று திரும்பியதும் கோடு வளைவதும் விடுதிச் சன்னலிலிருந்தே தெரியும். காட்டுக்கும் நீரூற்றுக்கும் இது பெரும் கேடு. கதைக்கு எடுத்தால் அந்தக் கேட்டையும் சேர்த்து எடுங்கள்.

பார்க்க வேண்டியவை இரண்டு. ஊரிலிருந்து மூன்று கிலோமீற்றர் அளவில் அதிஷாம் பங்களா. சர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய கல்வீடு, இன்று பெனடிக்ற் துறவியரின் மடம். வார இறுதி, போயா (பௌர்ணமி), பாடசாலை விடுமுறை நாட்களில் உள்ளே விடுவார்கள், பார்க்கக் கிடைப்பது வரவேற்பறையும் நூலகமும்தான். மடத்துக்குள் குரலைத் தாழ்த்துங்கள், ஆவி வேட்டைக் காணொளி எடுக்கப் போகாதீர்கள். இரண்டாவது, தம்பதென்னைத் தேயிலை ஆலையும் அதிலிருந்து ஏழு கிலோமீற்றர் மேலேறும் லிப்டன் ஆசனமும். காட்சிக்காகப் போகிறவர்கள் விடியற்காலையில் போவார்கள், ஒன்பது மணிக்கு மேல் பனி மூடிவிடும். உங்களுக்கு வேண்டியது பனியே என்றால் பத்து மணிக்கு ஏறி, மூன்றுக்குள் இறங்கிவிடுங்கள். இறங்கும் ஆட்டோவை ஏறும்போதே பேசிவைக்க வேண்டும். இதை மறந்தவர்கள்தான் இருட்டில் நடந்து வருகிறார்கள்.

காற்றுதான் இங்கே சங்கடம். தகரக் கூரை அறை எடுத்தால் இரவெல்லாம் அடித்துக்கொண்டே இருக்கும். முதல் இரவு கதைக்கு உதவும், நான்காம் இரவு தூக்கமில்லாமல் எழுத்தே நின்றுவிடும். கொங்கிரீட் கூரையும் வடக்குப் பார்த்த சன்னலும் உள்ள அறையைக் கேளுங்கள். கடைகள் சீக்கிரம் மூடும், இரவுச் சாப்பாட்டை விடுதியிலேயே சொல்லிவையுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை இந்தப் பக்கம் கொட்டும், அப்போது வரவேண்டாம்.

இங்கிருந்து கொஸ்லந்தைப் பக்கம் போனால் மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை லயன்கள் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) மண்ணுக்குள் போன இடம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த சரிவுகளும் மலையகம் முழுக்கக் குடும்பங்களைப் புதைத்தன. அந்த இடங்களைப் பேய் உலவும் இடமாக எழுதுவதை உயிரோடிருக்கும் தாய் தகப்பன் படிப்பார்கள். எழுத வேண்டுமானால் எச்சரிக்கை வந்தும் வேறு வீடில்லாமல் தங்க நேர்ந்தவர்களின் அச்சத்தை எழுதுங்கள்.

## மஸ்கெலியா

பழைய மஸ்கெலியா நகரம் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் இருக்கிறது. 1960களின் இறுதியில் அணை கட்டியபோது ஊரை மேலே நகர்த்தினார்கள். தண்ணீர் நன்றாக வற்றும் ஆண்டுகளில் பழைய கோயில், பள்ளிவாசல், விகாரை ஆகியவற்றின் எச்சங்கள் சேற்றிலிருந்து தலைகாட்டும். ஊர்ச்சனம் இறங்கிப்போய்க் கும்பிட்டுவிட்டு வரும். மலையகத்தில் திகில் எழுதுகிறவருக்கு இதைவிடச் சிறந்த இடம் கிடைப்பது கடினம்.

ஆனால் ஆகஸ்டில் வந்தால் ஏமாற்றம். தென்மேல் மழையில் தேக்கம் நிரம்பியிருக்கும். வற்றுவது பெப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான காலத்தில், அதுவும் எல்லா ஆண்டும் இல்லை. கிளம்புமுன் மஸ்கெலியாவில் யாரையாவது அழைத்து "கோயில் தெரியுதா?" என்று கேட்டுவிடுங்கள். தெரிந்தாலும் தனியே இறங்க வேண்டாம். மேல்சேறு காய்ந்து வெடித்திருக்கும், அடியில் இடுப்பளவு இளகிக் கிடக்கும். ஊர்க்காரர் கால் வைத்த தடத்திலேயே கால் வையுங்கள்.

டிசெம்பர் பௌர்ணமி முதல் மே வெசாக் வரை சிவனொளிபாதமலைக் காலம். மலையேறத் தொடங்கும் நல்லதண்ணிப் பக்கம் வார இறுதியிலும் போயாவிலும் இரவு முழுக்கச் சனம், விளக்கு, வாகனம். எழுதுவதற்குத் திங்கள் முதல் வியாழன் வரை வைத்துக்கொள்ளுங்கள். காலம் முடிந்தபின் படிக்கட்டில் விளக்கும் கடையும் இருக்காது. வெறிச்சோடிய பாதை கதைக்கு நல்லதுதான், ஏறுவதானால் வழிகாட்டி இல்லாமல் ஏறாதீர்கள். காசல்ரீ நீர்த்தேக்கத்து ஓரத்துப் பழைய துரைமார் பங்களாக்கள் விலை கூடியவை. மவுசாகலைத் தண்ணீரைப் பார்க்கும் சின்ன விடுதி அறை மஸ்கெலியாவிலேயே கிடைக்கும்.

மழைக்காலத்தில் வந்தே ஆகவேண்டுமென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைத் தினமும் பாருங்கள். மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் பையைக் கட்டி வையுங்கள், சிவப்பு என்றால் உடனே இறங்குங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117, அம்புலன்ஸ் 1990.

## தோட்டத்து வீடு

உறவோ நட்போ தோட்டத்தில் இருப்பவர்கள் இதைக் கடைசியாகத்தான் நினைக்கிறார்கள். வசதி குறைவு என்ற தயக்கம். உண்மைதான்: பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில் ஒரு குடும்பமே இருக்கும் லயன்கள் இன்னும் உண்டு. பக்கத்து வீட்டு இருமல் கூரை வழியாகக் கேட்கும். வரைவு எழுத இங்கே வரக்கூடாது. ஆனால் மலையகத்தின் அச்சம் பங்களாவை விட இங்கேதான் கூடுதலாக இருக்கிறது.

ஸ்டோரில் சுழலும் இயந்திரத்தைக் காக்கும் ரோதைமுனி, கவ்வாத்து வெட்டத் (தேயிலைச் செடியை நறுக்கத்) தொடங்குமுன் கும்பிடும் கவ்வாத்துசாமி, எல்லையில் நிற்கும் முனியாண்டி, மாடசாமி. இப்படிப்பட்ட தெய்வங்கள் வேலையின் ஆபத்திலிருந்து பிறந்தவை. பச்சைக் கொழுந்து வாடப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலாகும் என்பதால் ஸ்டோர் இரவில் உறங்குவதில்லை. விசிறிகளின் இரைச்சல் மலையெல்லாம் கேட்கும். அது நடு இரவில் திடீரென்று நின்றால் லயத்தில் எல்லோரும் விழித்துக்கொள்வார்கள். ஒரு கதையை இந்த இடத்திலிருந்தே தொடங்கலாம்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். "இங்க பேய் இருக்கா?" என்று கேட்டால் சிரிப்பு வரும், அல்லது தொலைக்காட்சியில் பார்த்த கதை வரும். "ராவையில எந்தப் பாதையில போக மாட்டீங்க?", "பணியக்கணக்குக்குப் (தோட்டத்தின் கீழ்ப்பிரிவுக்கு) போறப்ப எந்த இடத்துல பேசாம நடப்பீங்க?", "இந்த மலைக்கு இந்தப் பேரு எப்படி வந்திச்சு, அம்மாயி?" என்று கேளுங்கள். இடத்தைக் கேட்டால் கதை வரும். கோடாங்கி பார்க்கிற பெரியவரிடம் வெற்றிலை பாக்கோடு போங்கள். ஒலிப்பதிவுக் கருவியை எடுக்குமுன் அனுமதி கேளுங்கள். அவர் வேண்டாமென்றால் அன்றிரவே நினைவிலிருந்து எழுதிவையுங்கள்.

இங்கே வாடகை இல்லை, அதனாலேயே செலவு மறைந்துபோகிறது. உங்களை உபசரிக்க அக்கா ஒரு நாள் மலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் (வேலைநாள் பதிவு) போய்விடும், சம்பளம் குறையும். வெள்ளிக்கிழமை மாலை போய் ஞாயிறு மாலை திரும்புங்கள். அரிசி, பருப்பு, மா, சீனி, பால்மா கொண்டு போங்கள். காசாகக் கொடுத்தால் பல வீடுகளில் மனம் நோகும். காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போகிறவர்களை இரவு பத்துக்கு மேல் கதைக்க வைக்காதீர்கள். குளவி கொட்டி இறந்தவர், மரம் விழுந்து இறந்தவர் என்று அவர்கள் சொல்வது நடந்த சாவு. பெயரை மட்டும் மாற்றினால் போதாது. தோட்டம், டிவிசன், குடும்ப உறவு மூன்றையும் மாற்றுங்கள்.

## கண்டியும் ஹோட்டன் சமவெளியும்

இரண்டும் தங்குமிடமாக அல்லாமல் ஒருநாள் பயணமாகவே பொருந்தும். கண்டியில் தலதா மாளிகைக்கு அருகிலுள்ள ஆங்கிலேயப் படையினரின் பழைய கல்லறைத் தோட்டத்தில் காய்ச்சலிலும் வெயிலிலும் யானையிடமும் செத்த இளைஞர்களின் கற்களைப் படிக்க இரண்டு மணி நேரம் போதும். தலதா மாளிகையின் ஊர்வலத் திருவிழாவான எசல பெரஹரா நாட்களில் அறை கிடைக்காது, மாலையானால் வீதிகள் மூடப்படும். ஹோட்டன் சமவெளிக்குக் காலை ஆறு மணிக்கே போய்விடுங்கள். சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீற்றர். அங்குள்ள உலக முடிவு என்ற மலைவிளிம்பின் செங்குத்து 800 மீற்றருக்கும் மேல். பத்து மணிக்குப் பனி ஏறிவிட்டால் விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியாது, ஓரத்துக்குப் போகாதீர்கள்.

## எங்கே போனாலும் கெட்டுப்போகிறவை

ஒலிப்பதிவு முதலில் கெடும். மலைக்காற்றில் கைபேசியின் ஒலிவாங்கி வெறும் உறுமலைத்தான் பிடிக்கும். சின்ன பஞ்சு உறை போதாது, மயிர்வைத்த காற்றுறை வேண்டும். இல்லாவிட்டால் கைபேசியைக் கம்பளித் தொப்பிக்குள் வைத்து, சுவரின் காற்றுப்படாத பக்கம் நில்லுங்கள். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் இரண்டு நிமிடம் பதியுங்கள், எழுதும்போது அதுதான் அதிகம் கைகொடுக்கும். குளிரிலிருந்து கணப்பறைக்குள் வந்ததும் மடிக்கணினியை உடனே திறக்க வேண்டாம். பைக்குள்ளேயே அரை மணி நேரம் விடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே நீர் கோத்துவிடும். மைப்பேனா ஈரக் கடதாசியில் கசியும், பென்சில் கசியாது.

அட்டைக்குக் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, மேலே சவர்க்காரம் தேயுங்கள். கடித்துவிட்டால் பிடித்து இழுக்காமல் நகத்தால் வழித்து எடுங்கள். தேயிலை மலைக்குள் வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகாதீர்கள், குளவிக்கூடு எந்த மரத்தில் இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியாது. பல தோட்டங்களில் சிறுத்தை நடமாட்டம் உண்டு, இருள் கவியும் நேரத்தில் காட்டோரம் தனியே நடக்க வேண்டாம்.

## மாலையில் என்ன செய்வது

முதல் வரைவு ஓடும்போது இரவில் திகில் படம் பார்ப்பது நல்லதல்ல. அதன் ஓசையும் வெட்டும் மறுநாள் உங்கள் வசனத்துக்குள் வந்துவிடும். அன்று பதிந்த ஒலியை இருட்டில் கேளுங்கள், அல்லது நகைச்சுவை பாருங்கள். கையில் புத்தகம் வேண்டுமென்றால் மலையக நாட்டார் பாடல் தொகுப்புகளைக் கொண்டு போங்கள். மன்னாரிலிருந்து மாத்தளை வழியாக நடந்துவந்து பாதையிலேயே செத்தவர்களின் நினைவு அந்தப் பாடல்களில் இருக்கிறது. ஆடியில் வருகிறவர்கள் பக்கத்துத் தோட்டத்துக் கோயிலில் திருவிழா உண்டா என்று விசாரியுங்கள். நள்ளிரவில் கரகத்துக்கு அடிக்கும் தப்பு மலையில் எதிரொலிப்பதை எந்த ஒலிபெருக்கியும் தராது. மாசியில் வருகிறவர்கள் காமன் கூத்தை விடக்கூடாது. சிவன் மன்மதனை எரிப்பதும் ரதி புலம்புவதும் விடியவிடிய நடக்கும். குளிருக்குக் கம்பளி எடுத்துப் போங்கள்.

## மூன்று வாரத்தைப் பிரிப்பது

ஜூலை, ஆகஸ்டில் வருகிறவர்களுக்கு: முதல் வார இறுதி தோட்டத்து வீடு, அடுத்த பதினான்கு நாள் ஹப்புத்தளை, மிச்சத்தில் இரண்டு நாள் நுவரெலியாவில் அச்சுப்பிரதி எடுத்து முதல் வாசிப்பு. கோச்சியில் வருவதானால் முன்பதிவு முப்பது நாளைக்கு முன் திறக்கும், சீக்கிரம் முடிந்துவிடும். டித்வாவில் மலை ரயில்பாதை பல இடங்களில் உடைந்ததால், எதுவரை ஓடுகிறது என்று நிலையத்தில் கேட்டுவிட்டே திட்டம் போடுங்கள். ஓடாவிட்டால் இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகலை வழியாக பஸ்ஸில் ஹப்புத்தளைக்கு வரலாம். பெப்ரவரி, மார்ச்சில் வருகிறவர்கள் ஹப்புத்தளைக்குப் பதில் மஸ்கெலியாவை வைத்துக்கொள்ளலாம். ஏப்ரல் மட்டும்தான் கிடைக்கும் என்றால் புத்தாண்டு முடிந்து ஒரு வாரம் கழித்துக் கிளம்புங்கள்.

எந்த மாதமானாலும் திரும்பும் வழியில் ஒரு மாலை தோட்டத்துக்குப் போய், எழுதியதில் நாலு பக்கத்தை அந்த அம்மாயிக்கு வாசித்துக் காட்டுங்கள். இருட்டில் யாரும் கொழுந்து எடுக்கப் போக மாட்டார்கள், கவ்வாத்து வெட்டிய மலையில் ஒளிந்துகொள்ளச் செடி இருக்காது, பீலியில் தண்ணீர் விழும் சத்தம் வீட்டுக்குள் கேட்குமா கேட்காதா என்பதையெல்லாம் அவர் அங்கேயே சொல்லிவிடுவார்.